வேதப்புத்தகத்தில் ஓர் உ

கேட்டது நீங்கள்தான். பிறகு நீண்டுபோய்விட்டது என்று என்னைக் குறை சொல்லக் கூடாது. போன புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என் வேதப்புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உதென்ன, ஓரம் முழுக்க உ போட்டு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. எழும்பி நிற்க முழங்காலைப் பிடிக்கிற நேரத்தில் பதில் சொல்ல எங்கே முடிகிறது? உங்களில் பலர் இப்போது தொலைபேசியில் வேதம் வாசிக்கிறீர்கள். விரலால் தொட்டால் வசனம் மஞ்சளாகிறது, பச்சையாகிறது. நல்லதுதான். எனக்கு அது சரிவராது. எனக்குப் பென்சில் வேண்டும், ஓரம் வேண்டும், அந்த ஓரத்தில் என்னுடைய நாலு குறிகள் வேண்டும். அந்த நாலையும் நான் கண்டுபிடித்தது பதினொரு வயதில், செங்கமாரி வந்து கிடந்த ஒரு சோளகக் காற்றுக் காலத்தில். அவற்றால் என் அம்மாவுக்குத் திருவிருந்து கிடைக்காமல் போகப் பார்த்தது.

எங்கள் வீடு உடுவிலில். அப்பாவின் அப்பா காலத்தில் கிறிஸ்து வேதத்துக்கு வந்த குடும்பம். அம்மா அச்சுவேலிப் பக்கத்துச் சைவத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். ஆனால் கலியாணம் முடிந்து பன்னிரண்டு வருடமாகியும் சபையில் முழு அங்கத்தவராகவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பெரியவர்கள் எல்லோரும் எழும்பி, அப்பமும் இரசமும் எடுக்கிற திருவிருந்துக்கு முன்னே போவார்கள். அம்மா மட்டும் பிள்ளைகளாகிய எங்களோடு வாங்கிலேயே இருப்பார். எனக்கு அது நல்ல சந்தோசம். அம்மாவின் மடியில் சாய்ந்து கிடக்கலாம், காப்பை உருட்டலாம். அம்மாவுக்கு அது எப்படி இருந்தது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

தடுத்தது யார் என்று கேட்டால், மாமிதான். மாமி என்றால் அப்பாவின் அக்கா. கலியாணம் செய்யாதவர், எங்கள் வளவுக்குள்ளேயே மேற்குப் பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்தார். ஆலயத்தில் பூ வைப்பது முதல் யார் எந்த வாங்கில் இருப்பது என்பதுவரை அவர் சொல்தான். போதகர்கள் வருவார்கள், போவார்கள், மாமி இருப்பார். அம்மாவின் பேச்சு வரும்போதெல்லாம், "இன்னும் காலம் வரேல்லை" என்பார். காலம் எப்போது வரும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது.

அந்த வருடம் புதிதாக ஒரு போதகர் ஐயா வந்தார். மெலிந்தவர், சைக்கிளில் திரிகிறவர். வந்த இரண்டாம் மாதமே அம்மாவோடு கதைத்துவிட்டு, "புரட்டாதியிலை சேர்ப்பம். வேதம் கொஞ்சம் வாசியுங்கோ, ரண்டொரு கேள்வி கேட்பன், பயப்பிட ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டார். இந்த முறை மாமி, "பாப்பம்" என்றார். அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சேலை ஒன்று எடுக்கப்பட்டது. முதல் திருவிருந்துக்கு வெள்ளைதான் உடுப்பார்கள். சைவ வீட்டில் வளர்ந்தவருக்கு, கட்டினவர் உயிரோடு இருக்க வெள்ளை உடுக்க மனம் கூசியது. கடைசியில் விரல் அகல நீலக் கரை வைத்த சேலையைத் தெரிந்தெடுத்து அலுமாரியில் வைத்தார். அடிக்கடி அலுமாரியைத் திறந்து தடவிப் பார்ப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கண் மஞ்சளித்தது. பள்ளிக்கூடம் நின்றது. எண்ணெய் இல்லை, பொரியல் இல்லை, மீன் இல்லை. விடிய எழும்பினால் மாமி கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கிக்கொண்டு முன்னால் நிற்பார். குடித்து முடியும்வரை கண்ணை எடுக்கமாட்டார். அந்தக் கைப்பு இன்றைக்கும் நாக்கின் அடியில் இருக்கிறது. நான் பிழைத்தது அதனால்தான் என்று அம்மா சாகும்வரை சொன்னார். இதைச் சொல்லாமல் மாமியின் மற்றக் கதையைச் சொன்னால் அது பாவம்.

படுக்கையில் கிடக்கிற பிள்ளைக்கு வீட்டில் வேறு என்ன வேலை? "அம்மாவுக்கு வேதம் வாசிச்சுக் காட்டு" என்றார் அப்பா. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், நேரம்தான் இல்லை. அவருக்கென்று ஒரு வேதப்புத்தகமும் இருந்தது. கறுப்புத் தோல் அட்டை, ஓரம் சிவப்பு. கலியாணத்துக்கு மாமி கொடுத்தது. முதல் தாளில் மாமியின் கையெழுத்தில் வாழ்த்து இருந்தது. அம்மா இராமபாணப் பூச்சி வராமல் இருக்க வேப்பிலை வைத்து வைத்து, தாளெல்லாம் வேம்பு மணக்கும். அதை எடுத்துக்கொண்டு குசினிக் கதவு நிலையில் சாய்ந்திருப்பேன். அம்மா துருவலையில் இருந்து தேங்காய் துருவியபடி கேட்பார்.

முதலில் என் குறிகள் வேப்பிலைகள்தான். விளங்கின இடத்துக்குப் பச்சை இலை, விளங்காத இடத்துக்குப் பழுத்த இலை. நல்ல கெட்டித்தனமென்று எனக்குள் ஒரே பெருமை. ஐந்தாறு நாளில் புத்தகம் வீங்கிப்போய்விட்டது. ஒருநாள் யன்னலடியில் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய் வருகிறேன், சோளகம் புகுந்து என் படிப்பு முழுவதையும் முற்றத்தில் கொட்டிவிட்டது. முற்றத்து வேம்பு உதிர்த்த இலை எது, என் இலை எது என்று யார் பிரிப்பது? ஐயோ, நான் அழுத அழுகை! செங்கமாரிக்காக அழுகிறேன் என்று அம்மா நினைத்துக் கஞ்சியில் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தந்தார்.

அப்பா பூமிசாத்திரம் படிப்பிப்பவர். அவரிடம் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில்கள் இருக்கும். கட்டையானதை எனக்குத் தந்தார், படம் கீற. அதை வைத்துத்தான் தொடங்கினேன். கடவுள் சொல்வதெல்லாம் சிவப்புக் கோடு, மனிதர் சொல்வதெல்லாம் நீலக் கோடு. மூன்றாவது அதிகாரத்திலேயே பாம்பு வந்து கதைக்கத் தொடங்கிற்று. பாம்புக்கு என்ன நிறம்? அதுபோக, தாளோ வெங்காயச் சருகு. இந்தப் பக்கம் கோடு இழுத்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. நீலக் கோடு மறுபக்கத்தில் கடவுளுக்குக் கீழே போய் நிற்கிறது. இது போதாதென்று, வேதப்புத்தகத்தில் பேனையோ பென்சிலோ படக் கூடாது என்பது மாமியின் சட்டம். அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக்கூட வைக்க விடமாட்டார்.

அதனால் கோடுகளை விட்டுவிட்டு, ஓரத்தில் எறும்பளவு எழுத்துகளுக்கு இறங்கினேன். கறுப்புப் பென்சில், கூர் சீவி. எனக்கு விளங்கி, ஓம், சரிதான் என்று பட்டால் ஓ. ஏன் இப்படி என்று மனம் கேட்டால் ஏ. அத்தோடு ஒரு சிவப்புப் புள்ளி. அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

உ அம்மாவிடமிருந்து வந்தது. நான் வாசித்துக்கொண்டு போவேன். இடையில் அம்மா துருவுவதை நிறுத்தி, "பொறு பிள்ளை, உவர் ஆர்?" என்பார். எனக்கும் தெரியாது. நமக்குத்தானே இந்த உவர் இருக்கிறது. கிட்ட நிற்கிறவர் இவர், தூர நிற்கிறவர் அவர், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் உவர். வேதத்தில் அப்படி நடுவில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்! ஒரு வரியில் வருவார்கள், மறுவரியில் இல்லை. சிலருக்குப் பெயர் மட்டும் இருக்கும், ஆளைத் தெரியாது. சிலருக்கு ஆளைத் தெரியும், பெயர் இருக்காது. அம்மா கேட்டுவிட்டுத் திரும்பத் துருவத் தொடங்குவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஓரத்தில் சின்னதாக ஓர் உ போடுவேன். உவர் ஆர் என்று பிறகு தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அடையாளம். தேடிக் கண்டுபிடித்தால் அம்மாவுக்குச் சொல்வேன். "அப்பிடியே! அவரின்ரை மருமகனோ!" என்று ஊரில் யாரையோ அறிந்ததுபோலக் கேட்பார். நோய் வந்து கிடந்த நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே விளங்கியிருக்கும். சைவக்காரர் கடதாசி எடுத்தால் முதலில் என்ன போடுவார்கள்? தலைப்பில் ஓர் உ. பிள்ளையார் சுழி. கடிதமோ கொப்பியோ கடைக்குச் சாமான் துண்டோ, அது இல்லாமல் கை ஓடாது. வேதக்கார வீட்டில் பிறந்த எனக்கு அது கண்ணில் பட்டிருந்தாலும் மனதில் படவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உ என்றால் உவர்தான்.

ஒரு காலை மருந்தோடு வந்த மாமி, யன்னலடியில் கிடந்த வேதப்புத்தகத்தைக் காற்றுப் புரட்டுகிறது என்று மூடப் போனார். மூடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு தாள் புரட்டினார். இன்னொரு தாள். மோர்க் கிண்ணத்தை யன்னல் கட்டில் வைத்துவிட்டு, புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் மருந்து குடித்தேனா என்று அவர் பார்க்கவில்லை. நான் மெல்ல எழும்பிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"நான் ஆசையா வாங்கித் தந்த வேதப்புத்தகம் இது," என்றார் மாமி. "இதிலை பிள்ளையார் சுழி போட்டது நீரோ?"

அம்மாவின் கையில் அகப்பை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நேரம் ஒருவர் அகப்பையைப் பார்ப்பாரா?

"ஓம் மச்சாள்," என்றார் அம்மா. "கைப்பழக்கத்திலை வந்திட்டுது."

"கைப்பழக்கமோ! அப்ப மனசு எங்கை கிடக்கு? இன்னும் கோயில் வாசலிலையோ?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பினார். மாமி போய்விட்டார். அம்மா எனக்காகப் பழியை ஏற்றுவிட்டார். நான் போட்டது என்று தெரிந்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போய்ப் படுத்துக்கொண்டேன். மாமியிடம் பூவரசங் கம்பு ஒன்று இருந்தது, அதுதான் காரணம்.

இரண்டாம் நாள் பின்னேரம் அப்பாவிடம் மாமி சொன்னது கேட்டது: "தம்பி, உன்ரை மனுசி நல்லவ. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உந்த நிலைமையிலை திருவிருந்து எடுத்தால் அது அவவுக்குத்தான் கூடாது. நான் போதகர் ஐயாவிட்டைச் சொல்லிப்போட்டன், நாளைக்கு வாறார்." அப்பா கொப்பி திருத்திக்கொண்டே, "அவர் வரட்டும் அக்கா" என்றார். வேறு ஒன்றும் இல்லை. அப்பாவில் எனக்கு வந்த கோபம்! அம்மாவுக்காக நாலு வார்த்தை கதைத்தால் வாய் தேய்ந்துவிடுமா? நானும் வாயை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தேன் என்பது அப்போது நினைவில் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா அலுமாரியைத் திறந்தார். வழக்கம்போலத் தடவிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். தடவவில்லை. நீலக் கரைச் சேலையை எடுத்து, அது வந்த கடதாசியிலேயே திரும்பச் சுற்றி, ஆகக் கீழ்த் தட்டில் பழைய போர்வைகளுக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா நிலத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழும்பிப்போய் உலையை வைத்தார். அதைப் பார்த்தபிறகு எனக்குப் படுத்திருக்க முடியவில்லை.

போதகர் ஐயா மூன்று மணிக்கு வந்தார். விறாந்தையில் நாலு கதிரை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு அம்மா தூணருகில் நின்றார். மாமியின் மடியில் வேதப்புத்தகம் இருந்தது. ஐயா அம்மாவைப் பார்த்து, "அக்கா சொன்னதிலை..." என்று தொடங்கினார். நான் படுக்கை உடுப்போடு, மஞ்சள் கண்ணோடு, வெளியே வந்து நடுவில் நின்றேன்.

"ஐயா, உ போட்டது அம்மா இல்லை. நான்."

"தாயைக் காப்பாத்திறன் எண்டு பொய் சொல்லாதை," என்றார் மாமி.

"பொய்யில்லை மாமி. அது பிள்ளையார் சுழியில்லை. அது உவர் ஆர்."

"ஆர் உவர்?"

"அதுதான் மாமி. உவர் ஆர்?"

"இந்தப் பெட்டைக்குக் காய்ச்சலும் வந்திட்டுதோ!"

"பிள்ளை ஆறுதலாச் சொல்லட்டும்," என்று ஐயா புத்தகத்தை வாங்கினார். வாங்கி ஆதியாகமத்தில் திறந்து எல்லோருக்கும் தெரியப் பிடித்தார். ஓரம் முழுக்க உ. அடுத்த தாளில் உ. அதற்கடுத்ததில் உ. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார், தோள் இரண்டும் குலுங்கின. அம்மாவை அழவைத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

"இந்த இடத்திலை ஆர்?" என்று ஐயா விரலை வைத்தார்.

"உப்புத்தூணாய்ப் போன மனுசி, ஐயா. புருசனுக்குப் பேர் இருக்கு. அவவுக்கு இல்லை. உவ ஆர் எண்டு தேடினனான், ஓரிடத்திலையும் இல்லை."

புதிய ஏற்பாட்டுப் பக்கம் புரட்டி, "இது?" என்றார்.

"கிணத்தடிக்குத் தண்ணி அள்ள வந்த மனுசி. அவவுக்கும் இல்லை."

பெயர் மட்டும் அடுக்கிவரும் ஓர் அதிகாரத்தைத் திறந்து, அங்கே கிடந்த உ ஒன்றைக் காட்டினார். "இவர்?"

"தெரியாது ஐயா."

ஐயா புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அந்தப் பெயரைப் பார்த்தார். "எனக்கும் தெரியாது," என்றார்.

மாமி விடுவாரா? "அப்ப உந்தச் சிவப்புப் பொட்டு? தாளுக்குத் தாள் பொட்டு வைச்சுக் கிடக்கு!"

"அது பொட்டில்லை மாமி, சாப்பாடு." சொல்லும்போதே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சாப்பாடு வாற இடமெல்லாம் போட்டனான். தேன், அப்பம், அத்திப்பழம். கரியிலை சுட்ட மீன் ஓரிடத்திலை வருது. அதுக்கு ரண்டு."

அப்பாவின் கதிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் இருமுகிறவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐயா ஏ எழுத்துகளிடம் போய்விட்டார். ஒரு தகப்பன் மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற பக்கம். "இதிலை மட்டும் ஒன்பது ஏ கிடக்கு." "ஏன் எண்டு கேட்டது ஐயா," என்றேன். "ம்," என்றார். "எனக்கும் அவ்வளவு வரும்."

மாமிக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. "ஓ எண்டு கிடக்கே, அது ஓங்காரம் இல்லையோ? அதையும் நீயே சொல்லு."

"ஓம் மாமி."

"பாத்தியளோ ஐயா, தன்ரை வாயாலேயே சொல்லுது!"

"இல்லை மாமி! ஓம் எண்டால் ஓம்தான். விளங்கின இடத்துக்கு ஓம் எண்டு போடுறனான்."

ஐயா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அக்கா, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஓம் எண்டு சொல்லுவியள்?"

"ஓம், அது வேறை..." என்று தொடங்கிய மாமி அப்படியே நின்றுவிட்டார். இந்த முறை அப்பா இருமவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். தமக்கைக்கு முன்னால் அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

மாமி சிரிக்கவில்லை. எழும்பி நின்று சொன்னார்: "சரி. பிள்ளையின்ரை எழுத்தெண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஆராவது திறந்து பாத்தால் என்ன நினைப்பினம்? வாற ஞாயிற்றுக்கிழமை சேர்க்கிறதெண்டால் அதுக்கு முதல் உ எல்லாம் அழிபட வேணும். பொட்டும்." அன்றைக்கு அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. வேதத்துக்கு வந்ததற்காக அவருடைய அப்பாவைச் சொந்தத் தமையன்மார் தாயின் செத்த வீட்டுக்கே விடவில்லையாம். சின்னப் பிள்ளையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே வெயிலில் நின்றவர் மாமி. உள்ளே நின்றவர்களின் ஒவ்வொரு கடதாசியின் தலைப்பிலும் இருந்தது அந்த உ. அது அவருக்கு எழுத்தாகத் தெரிந்திருக்காது.

நாலு நாள் நானும் அம்மாவும் அழித்தோம். அழிறப்பர் ஒன்று தேய்ந்து முடிந்தது, பிறகு பாண் துண்டின் மெத்தென்ற நடுப்பகுதியை உருட்டி அழித்தோம். கறுப்புப் போயிற்று. சிவப்புப் புள்ளிகள் போகாமல் இளஞ்சிவப்பாகப் பரவி, முன்பு பொட்டாக இருந்தது இப்போது பெரிய பொட்டாகிவிட்டது. "உதை இனித் தொடாதை, நெத்தி முழுக்க வரப்போகுது," என்றார் அம்மா. ஒவ்வோர் உ வரும்போதும் என் கையைப் பிடித்து நிறுத்துவார். "பொறு. உவர் ஆர்?" தெரிந்தால் சொல்வேன், அழிப்போம். தெரியாவிட்டால் அம்மா அதை அப்பாவின் மிச்சக் கொப்பி ஒன்றில், அதிகாரமும் வசனமுமாக எழுதி வைப்பார். என் கொப்பி முறை தொடங்கியது அப்படித்தான். இன்றைக்கும் தெரியாதவர்களை ஒரு கொப்பியில்தான் எழுதுகிறேன். அந்த முதல் கொப்பியில் அம்மா எழுதத் தொடங்கியபோது பேனை தாளின் தலைப்பில் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி எழுதிற்று. அதை நான் பார்த்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை.

நாலு நாள் முடியும்போது, ஓட்டமாக வாசித்த என்னைவிட அம்மாவுக்கு வேதத்தின் சனங்களைத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை கேள்வி கேட்க வந்த போதகர் ஐயாவிடம், இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அம்மா மூன்று கேள்வி கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நீலக் கரைச் சேலையோடு அம்மா எழும்பி முன்னே போனார். வாங்கில் எனக்குப் பக்கத்தில் முதல்முறையாக வெறும் பலகை. அந்தப் பலகையில் கையை வைத்துப் பார்த்தேன், அம்மாவைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. முழங்காலில் நிற்கப் போன அம்மாவின் சேலை காலுக்குள் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற மாமி குனிந்து, கரையை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் தானும் முழங்காலில் நின்றார். இருவரும் கடைசிவரை ஒரே வளவில் இருந்தார்கள். மாமியைக் கடைசி நாட்களில் குளிப்பாட்டியது அம்மாதான்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் உண்மை இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.

பிறகு எத்தனையோ நடந்தது உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்தபோது அந்தச் சிவப்பு நீலப் பென்சில் எங்கேயோ விழுந்துபோயிற்று, புத்தகம் மட்டும் உரப்பையில் எங்களோடு வந்து எங்களோடு திரும்பிற்று. அம்மாவுக்கு எண்பது தாண்டியபின் ஒரு மத்தியானம், அவருக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பொறுக்க முடியாமல் வாய்விட்டுச் சொன்னேன். "அம்மா, அண்டைக்கு மாமி கேட்கேக்கை எனக்காண்டி நீங்கள் பழியை ஏத்துக்கொண்டனீங்கள். ஒருநாளும் நான் அதுக்கு ஒண்டும் சொன்னதில்லை." சொல்லும்போதே அழுதுவிட்டேன். இவ்வளவு வயதில்!

அம்மா என்னைப் பார்த்தார். "எந்தப் பழி?"

"உ போட்டது நீங்கள்தான் எண்டு சொன்னீங்களே."

அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கிற்று. அன்றைக்கு விறாந்தையில் குலுங்கியதுபோலவே. சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "எடி விசரி! நீ போட்டதெண்டு எனக்கு எங்கை தெரியும்? மச்சாள் புத்தகத்தைத் திறந்து காட்டேல்லையே. நான் போட்டதைத்தான் கண்டுபிடிச்சிட்டா எண்டு நினைச்சன்."

"நீங்கள் போட்டதோ?"

"ஒண்டே ஒண்டு. நீ பிறந்த கிழமை."

புத்தகத்தின் கடைசித் தாள் பின் அட்டையோடு ஒட்டிக் கிடக்கும். ஈரத்தில் ஒட்டியது என்றே நான் நினைத்திருந்தேன். அந்த அழிப்பு வாரத்தில், நான் தூங்கிய ஒரு மத்தியானத்தில், அம்மா கோதம்பமாப் பசை காய்ச்சி ஒட்டினாராம். மையை அழிறப்பர் அழிக்காதே. "நீ ஆயிரம் போட்டாப்பிறகு என்ரை ஒண்டை ஆர் தேடப்போகினம்?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா திருவிருந்துக்கு முழங்காலிலை நிக்கேக்கை நெஞ்சு பக்கெண்டது. ஆண்டவருக்கு மட்டும் சொல்லிப்போட்டன், இப்பிடி ஒண்டு கிடக்கு எண்டு. அவர் ஒண்டும் சொல்லேல்லை."

கேத்தில் ஆவியில் பிடித்து அந்தத் தாளைக் கிளப்பினோம், இருவரும் குசினியில் நின்றபடி. பாதி கிழிந்து, பாதி வந்தது. குடும்பத்தில் பிறந்தவர்களை எழுதுகிற பக்கம். மை கொஞ்சம் கசிந்திருந்தது. நடுவில் என் பெயர். பிறந்த நாள், காலை ஆறு மணி பத்து நிமிடம். வேதக்காரப் பிள்ளைக்கு அவசியமே இல்லாத கார்த்திகை நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் மேலே, தலைப்பில், அளவாக, அழகாக, ஓர் உ.

உவர் ஆர் என்று கேட்காமல் போட்ட உ. பிள்ளை நல்லாயிருக்க வேணும் என்று போட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஏதோ நான் மாமி என்பதுபோல. நான் உள்ளே போய்ப் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன போடப்போறாய்?"

"ஓ."

அம்மா யோசித்தார். "அப்ப பேனையாலை போடு," என்றார். "அழிபடாமல் கிடக்கட்டும்."